ஒரே துறைமுகத்தில் பதினேழு காலைகள்

வடக்கே, கோடைகாலத்தில் சூரியன் இறங்கவே இறங்காத கடலில், ஒரு கப்பல் ஒரே ஊருக்குப் பதினேழு நாள் தொடர்ந்து போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் இருந்தோம். அது அப்படித் திரும்பித் திரும்பி வந்ததற்குக் காரணம் நான்தான் என்று தெரிய ஆறு நாள் ஆயிற்று.

எங்களுக்கு ஊர் பொறையாறு. அவர் அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். மகள் ஹெப்சி நார்வே தேசத்தின் வடகோடியில், அதற்கு மேல் கப்பல் போகாத கடைசித் துறைமுகத்தில், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். மருமகனுக்குக் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. முறை முடியாமல் இறங்க முடியாது. இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்து, மூன்றாவதாக ஆண்டவர் கொடுத்தது எட்டாம் மாதத்தை எட்டியிருந்தது. அம்மா, நீ பக்கத்தில் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று போனில் சொன்னாள். மகன் எட்வின்தான், எப்படியும் அத்தனை தூரம் போகிறீர்கள், கடைசித் தூரத்தைக் கப்பலில் போங்கள், ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்த அப்பா ஒரு தடவையாவது உட்கார்ந்து போகட்டும் என்று, தெற்கே ஒரு பட்டணத்தில் கிளம்பிச் சின்னச் சின்ன ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஹெப்சியின் ஊருக்குப் போகிற சுற்றுலாக் கப்பலில் இடம் போட்டுக் கொடுத்தான்.

லூன்வோய் என்கிற தீவுக்கு நாங்கள் முதல் தடவை போய்ச் சேர்ந்த காலையில் பிரசவத்துக்கு இன்னும் முப்பத்தொரு நாள் இருந்தது. இருநூறு பேர் இருக்கிற ஊர். சிவப்புச் சாயம் பூசிய ஒரு மீன் கிடங்கு, சிலுவை வைத்த வெள்ளைக் கோயில், ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம். கோடைக்கு ஒரே ஒரு தடவை இப்படிப் பெரிய கப்பல் வந்து நாலு மணி நேரம் நிற்குமாம். அதனால் பிள்ளைகள் கொடி பிடித்துப் பாடினார்கள், பெண்கள் மேஜை போட்டுப் பணியாரம் மாதிரி ஒன்றைச் சுட்டு ஜாம் தடவிக் கொடுத்தார்கள். கப்பலிலிருந்து எறிந்த கயிற்றைக் கரையில் பிடித்து இரும்புக் கட்டையில் மாட்டியது ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், அறுபத்தெட்டு சொல்லலாம். ஆம்பிளைச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நான் செருப்புக் காலோடு இறங்கி வருவதைப் பார்த்தாள். பேச்சு எதுவும் இல்லாமல் என்னைக் கட்டையில் உட்காரவைத்து, தன் பூட்ஸைக் கழற்றி, அதற்குள் போட்டிருந்த கம்பளிக் காலுறையைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டாள். அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது. நெஞ்சைத் தொட்டு “இங்கபோர்க்” என்றாள். என் வாய்க்கு ‘இங்கே’ வரைக்கும்தான் வந்தது; எனக்கு அவள் ‘இங்கே அம்மா’ ஆனாள். நான் என் பெயரை, ரூபாவதி என்று சொன்னேன். அவள் வாய்க்கு அதுவும் பாதிதான் வந்தது.

கப்பல் கிளம்பும்போது, கயிற்றை அவிழ்க்க நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொன்னேன். சொல்லாமல் எப்படி ஏறுவது? அவள் தலையை ஆட்டி, அவர்கள் பாஷையில் ஆமாம் என்பதற்கு “யா” என்றாள்.

மறுநாள் காலையில் கேப்டன் ஒலிபெருக்கியில் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லி எல்லாரையும் மேல்தளத்துக்கு வந்து பார்க்கச் சொன்னார். போர்த்திக்கொண்டு வந்து பார்த்தோம். லூன்வோய் நின்றது. அதே சிவப்புக் கிடங்கு, அதே கோயில், கரையில் அதே பெண், கயிற்றுக்காகக் கையை நீட்டிக்கொண்டு.

இரவு முழுக்கக் கப்பல் வடக்கே போனது நிஜம். எரிந்த எண்ணெய் அதற்குச் சாட்சி, வரைபடத்தில் விழுந்த கோடும் சாட்சி. கோடு வளையாமல் நேராக மேலே போயிருந்தது, அதன் முனையில் லூன்வோய் இருந்தது. இயந்திரக்காரர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து மாட்டினார்கள். அன்றும் கிளம்பினோம், மூன்றாம் நாள் காலையிலும் வந்து சேர்ந்தோம். கேப்டன் தன் பெரிய நோட்டில் நிறைய எழுதினாராம். நான்காம் நாள் கொஞ்சம் எழுதினார். ஐந்தாம் நாளிலிருந்து ‘வந்தோம்’ என்று மட்டும் எழுதினார்.

மனுஷர் எதற்கும் பழகிவிடுகிறோம், கர்த்தர் நம்மை அப்படித்தான் செய்திருக்கிறார். பிள்ளைகள் முதல் நாள் பாடினதையே இரண்டாம் நாளும் பாடி, மூன்றாம் நாள் பாட்டின் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, ஐந்தாம் நாள் கொடிகளையெல்லாம், எப்படியும் காலையில் வருமே என்று கப்பலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஊர்ப் பெண்கள் கனத்த போர்வைகளைக் கொண்டுவந்து கப்பல் சலவை மெஷினில் போட்டுவிட்டு மறுநாள் காலை வாங்கிக்கொண்டு போனார்கள்; அந்தப் போர்வைகள் எங்களோடு இரவெல்லாம் கடலில் போய் வந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டு ஊர்ப் பல்லையெல்லாம் பார்த்தார். அவர் மனைவி கோயில் வேலிக்குச் சாயம் பூசினாள். கப்பல் சமையல்காரர் அரிசியைக் கொடுத்து மீன் வாங்கினார். ஊர்க்காரர் ஒருவர் மனைவியோடு சண்டை போட்டு, இனி இந்த ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று பெட்டியோடு கப்பலில் ஏறி, காலையில் காபி குடிக்கிற நேரத்துக்கு அதே வீட்டில் இறங்கினார். அவள் இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தாளாம்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் பழகவில்லை. தன் சர்வீஸில் ஒரு டிரிப்பும் பாதியில் திரும்பினதில்லை, பிரேக்டவுன் ஆன அன்றைக்குக்கூட வேறு வண்டியில் ஏற்றி அனுப்பித்தான் பழக்கம் என்று கேப்டனிடம் கையாலும் காலாலும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம், டிரைவரைக் குற்றம் சொல்லாதே, மனுஷன் சரியாகத்தான் ஓட்டுகிறான் என்றும் சொன்னார். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சூரியன் கடலைத் தொடப்போகிற மாதிரி வந்து, தொடாமல் மறுபடி ஏறிவிடுகிற அந்த ஊரில், கைக்கடிகாரத்தைப் பார்த்து நாள் கழிந்ததென்று தெரிந்துகொண்டு, முழங்காலில் நின்று, ஆண்டவரே என் பிள்ளை தனியாக இருக்கிறாள், இந்தக் கப்பலை நகர்த்தும் என்று கேட்டேன். ஹெப்சி தினமும் போன் பண்ணி எங்கே இருக்கிறாய் அம்மா என்பாள். இங்கேதான் என்பேன். எங்கே இங்கே என்பாள்.

ஐந்தாம் நாள், அவசரமுள்ளவர்கள் சிலர் தபால் படகில் ஏறி அடுத்த தீவுக்குப் போனார்கள்; போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று செய்தியும் வந்தது. உடனே நாங்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தபால் படகில் ஏறினோம். ஆறாம் நாள் காலையில் அந்தப் படகு எங்களோடும், தபால் மூட்டையோடும், ஒரு ஆட்டோடும் லூன்வோய்க்கு வந்து நின்றது. எங்களுக்கு என்ன ஆகிறதென்று பார்க்க வெளிக்கடலில் காத்திருந்த கப்பலும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அப்போதுதான் சிக்கல் எங்களோடுதான் என்று எல்லாருக்கும் விளங்கிற்று. யாரும் எங்களைக் கோபிக்கவில்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றி, அம்மா தங்களுக்கு இந்த ஊரோடு ஏதாவது ஏற்பாடு உண்டா என்று விசாரித்தார். எங்களை இறக்கிவிட்டுக் கப்பல் போகலாமே என்று யாரோ ஒரு வார்த்தை சொன்னார்களாம். ஏற்றின ஆளைக் கொண்டுசேர்க்காத கப்பல் என்று பெயர் வேண்டாம் என்று கேப்டன் முடித்துவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டுக்காரருக்கு அவர் மேல் தனி மரியாதை.

அன்றைக்கு இன்னொரு பக்கத்திலிருந்து வந்த வேறொரு படகில் குணநாயகமும் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது. இருபது வயதில் சண்டைக்குத் தப்பி வந்து, முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கிடங்கில் மீன் வெட்டுகிறவர். ஒஸ்லோவில் அண்ணன் மகள் கலியாணத்துக்குப் போயிருந்ததால் எங்களை இத்தனை நாள் பார்க்கவில்லை. கரையில் என் புடவையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலில் எந்த ஊர், பிறகு என்ன சாப்பாடு, அதற்குப் பிறகுதான் என்ன சங்கதி என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

“அக்கா, முதல் நாள் போகேக்க இங்கபோர்க்குக்கு என்ன சொல்லிப்போட்டுப் போனனீங்கள்?”

“என்ன சொல்வாங்க தம்பி. போயிட்டு வரேன்னுதான்.”

“அதுக்கு அவ என்ன சொன்னவ?”

“‘யா’ன்னாங்க.”

குணநாயகம் கயிற்றுக் கட்டையில் உட்கார்ந்து, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். “பிறகு எப்பிடியக்கா கப்பல் போகும்? நீங்கள் அரைவாசிச் சொல்லோட எல்லே வெளிக்கிட்டிருக்கிறீங்கள். போயிட்டு வாங்கோ எண்டு அவ சொல்லேல்லை. வாறன் எண்டது மட்டும் நிக்குது. அதுதான் வாறீங்கள்.”

ஆமாம், வீட்டில் ஒருத்தர் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நிற்பார்கள். உள்ளே அடுப்படியிலிருந்து போயிட்டு வாங்க என்கிற குரல் வந்த பிறகுதான் கால் படியிறங்கும். அது வராமல் யாரும் போய்ப் பார்த்ததில்லை. நான் போய்விட்டேன்.

அப்படியானால் போறேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று குணநாயகமே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் முகம் சிவந்துபோனது. பிள்ளைப்பேற்றுக்குப் போகிற வழியில், அதுவும் தண்ணீர் மேல் நின்றுகொண்டு, அந்த வார்த்தையைச் சொல்வதா, இந்த ஊரிலேயே கிடந்தாலும் கிடப்போம் என்றார். எனக்கும் நாக்கு எழும்பாது.

ஆகவே ஊருக்கே தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. கோயில் கூடத்தில் மூன்று நாள் வகுப்பு. கோயில் போதகர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வாங்க என்றால் போதும் என்று நான் சொன்னேன். வாங்கோ என்றால்தான் மரியாதை என்று குணநாயகம் சொன்னார். இதிலேயே ஒரு மத்தியானம் போயிற்று, கடைசியில் ஊர் அவர் பக்கம் இருந்ததால் வாங்கோ ஆயிற்று. அவர்கள் வாயில் ‘போயிட்டு’ என்பது ‘பொய்ட்டு’ என்றுதான் வந்தது. பொய் என்று ஆகிவிடுகிறதே தம்பி என்று நான் கலங்கினேன். ஆண்டவர் உச்சரிப்புக்கு மார்க் போடுகிறவர் இல்லை அக்கா என்றார் குணநாயகம்.

பத்தாம் நாள் கப்பல் கிளம்பும்போது, நான் ஏணியில் நின்று திரும்பவும் என் வார்த்தையைச் சொன்னேன். இருநூறு பேரும், பிள்ளைகளும், போதகரும், பல் கட்டின வாயோடு நின்ற பெரியவர்களும் ஒரே குரலில், பொய்ட்டு வாங்கோ என்றார்கள். மலையில் மோதி அது இன்னொரு தடவை வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கப்பல் போயிற்று.

பதினோராம் நாள் காலையில் லூன்வோய் வந்தது.

இங்கே அம்மா கயிற்றைப் பிடித்து மாட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நேற்று ஊரெல்லாம் வாய் திறந்தபோது, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் முதல் நாள் சொன்னது ஊருக்கு அல்ல, இவளுக்கு. இவள் சொல்லாமல் எப்படி? வகுப்புக்கும் இவள் வரவில்லை.

மறுநாள் குணநாயகத்தைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தனியாக இருக்கிற வீடு. காபி ஊற்றிக் கொடுத்தாள். சுவரில் ஒரு சிலுவை, பக்கத்தில் ஒரு மீசைக்காரர் படம். எங்கள் சபையிலும் அவர்கள் சபையிலும் ஜெபம் ஒன்றுதான் என்பதால், அவள் பாஷையில் அவளும் என் பாஷையில் நானும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னோம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் முடித்தோம். அப்புறம் குணநாயகம் கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நாப்பது வருசமா அந்தக் கயிறை அவ அவிழ்க்கிறாவாம் அக்கா. ஒவ்வொரு தரமும் அவிழ்க்கேக்க கை நடுங்குமாம். அவவின்ர மனுசன் போன வள்ளத்தையும் அவதான் அவிழ்த்து விட்டவ, அது பிறகு வரேல்லை. இப்ப இந்தப் பத்து நாளா நடுங்கேல்லையாம். காலமை வரும் எண்டு தெரிஞ்சு அவிழ்க்கிறாவாம்.”

அந்தச் சொல்லை அவளிடம் கேட்காமலே எழுந்து வந்தேன். அன்றைக்கு அறையில் முழங்காலில் நின்றேன். கப்பலை நகர்த்தும் என்று கேட்டால் அது அவளுக்கு எதிராகக் கேட்பதாகும். கேட்காமல் விட்டால் ஹெப்சிக்குத் துரோகம். கடைசியில் இரண்டு பெயரையும் சொல்லி, ஆமென் சொல்லாமலே படுத்துவிட்டேன். அதற்கடுத்த நாட்களில் தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் பின்னுவாள், நான் அவளுக்கு மீன்குழம்பு வைத்துக் காட்டினேன், காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ஹெப்சியின் போட்டோவைக் காட்டினேன். வயிறு தெரிகிற போட்டோ. அதை நிறைய நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்காரருக்கு என் மேல் ஆத்திரம். நாட்களை எண்ணுகிறாயா, குழம்பு வைக்கிறாயா என்று கேட்டார். இரண்டும்தான் செய்துகொண்டிருந்தேன்.

பதினேழாம் நாள் காலை, ஏணி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஹெப்சியின் போன் வந்தது. இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், தேதிக்குக் காத்திருக்க முடியாது, நாளைக்கு மருந்து கொடுத்து வலி வரவைக்கப் போகிறார்கள். சொல்கிறபோது அழவில்லை. பயமா இருக்கும்மா என்றாள், அவ்வளவுதான். கப்பல் எங்கேயும் நிற்காமல் போனால் ஒன்றரை நாளில் சேர்த்துவிடுவேன் என்று கேப்டன் சொன்னார். சேர்த்துவிடுவேன் என்று சொல்லும்போது அவரும் கரையைத்தான் பார்த்தார்.

நான் இறங்கிப் போனேன். இங்கே அம்மா கட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். குணநாயகம் கிடங்கிலிருந்து ஏப்ரனோடு ஓடிவந்தார். நான் ஹெப்சிக்கு என்ன ஆயிற்று என்று சொன்னேன், அவர் அதை அவள் பாஷையில் சொன்னார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் ஏதோ கேட்டாள்.

“தான் அந்தச் சொல்லைச் சொன்னா, நீங்கள் திரும்பி வருவீங்களோ எண்டு கேக்கிறா.”

“வருவேன்னு சொல்லுங்க.”

“எப்பவெண்டு கேக்கிறா.”

அறுபத்தஞ்சு வயது வரைக்கும் எத்தனையோ வாசலில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன், எப்போது என்று ஒருத்தர் என்னைக் கேட்டதில்லை. நாள் குறிக்காமல்தான் எல்லாரும் சொல்கிறோம். இப்போது ஒரு தேதி சொல்லிவிட்டால் கப்பல் போய்விடும். அடுத்த கோடை என்று சொல்லலாம், அவளும் நம்புவாள். எங்கள் வயதும், தூரமும், இன்னொரு தடவை இந்தப் பக்கம் வர எங்களுக்கு என்ன வழியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

“தெரியாதுன்னு சொல்லுங்க தம்பி. மாத்திச் சொல்லிடாதீங்க.”

குணநாயகம் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அப்படியே சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சின்ன வார்த்தைதான் சொன்னார். இங்கே அம்மா அவரிடம் இரண்டு வரி பேசினாள்.

“அவவின்ர மனுசன் நாலு மணிக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவராம். பிறகு ஒவ்வொரு நாளும் நாலு மணி வந்து போகுதாம், அவர் வரேல்லையாம். நேரம் சொல்லாம விட்டது நல்லதாம் அக்கா. இனி எந்த நேரமும் நாலு மணி ஆகாதாம்.”

அவள் மெதுவாக அவரிடம் இன்னொன்றும் கேட்டாள், அவர் காதோடு சொன்னார், அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் ஏணியில் ஏறி, பாதியில் திரும்பி நின்றேன்.

“போயிட்டு வரேன்.”

ஊர் முழுக்கச் சொன்ன மரியாதைச் சொல்லை அவள் சொல்லவில்லை. கூடப் பிறந்தவளுக்குச் சொல்கிற மாதிரி, ‘பொய்’ என்று ஆகாமல், தெளிவாக, “போயிட்டு வா” என்றாள்.

கயிற்றை அவிழ்க்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. கை அப்படி நடுங்கிற்று. கிடங்கு ஆள் ஒருவர் உதவிக்கு வந்ததை முழங்கையால் தள்ளிவிட்டு, அவளே அவிழ்த்து, அவளே தண்ணீரில் போட்டாள்.

அன்று இரவு என்று கடிகாரம் சொன்ன நேரத்தில் கப்பலில் ஒருத்தரும் தூங்கவில்லை. பல் டாக்டரும், அவர் மனைவியும், சமையல்காரரும், எல்லாரும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலையில் பனி விலகினபோது, இடது பக்கம் ஒரு மலை தெரிந்தது. உச்சி தட்டையாக, தோளில் பனியோடு, நாங்கள் யாரும் இதற்கு முன் பார்க்காத மலை. யாரும் கைதட்டவில்லை. பல் டாக்டரின் மனைவி, சாயம் முழுக்கப் பூசி முடியாத வேலியை நினைத்தோ என்னவோ, மூக்கைச் சிந்தினாள். எங்கள் வீட்டுக்காரர் கேப்டன் இருக்கிற திசையைப் பார்த்து, ரைட் போங்க என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். ஹெப்சிக்கு வலி உச்சத்தில் இருந்தது. தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. என்னைப் பார்த்ததும் இவ்வளவு நேரமா என்று கோபமாகக் கேட்டாள், கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். பிறகு நடந்ததெல்லாம் நடந்தது. ராத்திரி பதினொன்று பத்துக்குப் பெண்குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு, பிறந்ததும் அழாமல் ஒரு நிமிஷம் எங்களையெல்லாம் நிற்கவைத்துவிட்டு, அப்புறம் கூரை அதிர அழுதது. துடைத்து, எடை பார்த்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் மார்பில் போட்டார்கள். வாங்கிக்கொள்ள ஒரு கை போதுமென்று ஹெப்சி ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் என் விரல்கள் இரத்தம் ஓடாமல் வெளுத்துப் போயிருந்தன. நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள். ஹெப்சி விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.